கொருக்குப்பேட்டை கேட்டில் ஒரு பேட்டி

கேட் சாத்தி இருபது நிமிஷம் ஆச்சு.
டேங்கர் டேங்கரா கூட்ஸ் நகருது, நிக்குது,
பின்னால போவுது.
ஜீப்புக்குள்ள ஏசி. மேஜர் கட்டோச்.
வெலிங்டன்லேர்ந்து வந்திருக்காரு, ஆராய்ச்சிக்கு.
அங்கதான் எனக்கு மொதல் பூட்ஸு குடுத்தாங்க.
தலைப்பை இந்தியில படிச்சுக் காட்டினாரு:
அந்நிய மண்ணுல கலகத்தை அடக்குறது
நம்ம தலைமைக்கு ஏன் கைவரலை.
ஃபோன்ல ஒரு சிவப்புப் புள்ளி துடிக்குது.

எத்திராசு. ரிட்டையர்டு நாயக்.
இப்போ கண்டெய்னர் யார்டுல நைட் டியூட்டி.
மேப்பைப் பத்திக் கேட்டாரு.
வெள்ளைக்காரன் காலத்து மேப்பு, சாப்,
அதுல இருந்த கிணறு தரையில இல்லை,
தரையில இருந்த சந்து அதுல இல்லை.
கமாண்டருங்களைப் பத்திக் கேட்டாரு.
ஒருத்தர் பாதை பழகி முடிக்கறதுக்குள்ள
மாத்தல் ஆர்டர் வந்துடும்.
புதுசா வர்றவரு மொதல்லேர்ந்து பழகுவாரு.
செத்தவங்க கணக்கை மட்டும்
விட்ட எடத்துலேர்ந்து கூட்டுவாங்க.
தலையாட்டினாரு.
இதெல்லாம் ஏற்கெனவே எழுதிட்டாரு போல.

இன்னொண்ணு கீது, சாப்.

என்னை வேற பட்டாலியனுக்கு இரவல் குடுத்திருந்தாங்க.
எண்ணூறு பேருக்கு நான்தான் தமிழ்.
வியாசர்பாடித் தமிழ்.
பனையோலை வேலி ஓரம் ஒரு பையன்,
பதினாறு இருக்கும், சைக்கிளைப் பிடிச்சுக்கினு.
இங்க இன்னா பண்றன்னு கேட்டேன்.
'கூட்டாளியோட கதைச்சுக்கொண்டு நிண்டனான்.'
எங்க ஏரியாவுல கதைன்னா
உடுறது.
பொய் சொல்லிக்கினு இருந்தேன்னு ஒத்துக்கிறான், சாப்,
அப்படின்னு சொன்னேன்.
கமாண்டருக்கு வேற காது இல்லை.
அதுக்கப்புறம் நடந்ததுக்கு
மொழிபெயர்ப்பு தேவைப்படலை.

மூணு வாரம் கழிச்சு ஒரு கடையில தெரிஞ்சுது
கதைக்கிறதுன்னா பேசுறது.
சும்மா பேசுறது.
அதுக்குள்ள கமாண்டர் மாறிட்டாரு.
அந்த ஊருல எங்க எதிர்ல யாரும் கதைக்கலை.
மீன் விக்கிறவ விரலைக் காட்டி விலை சொன்னா.
நாய் கூட வேலிக்கு உள்ளாறயே நின்னுது.
வயர்லெஸ்ல மேல போன செய்தி:
நிலைமை சுமுகம்.

பையனோட அம்மா ஒரு நாள் செக்போஸ்ட்டுக்கு வந்தாங்க.
அழலை, ஏசலை.
பஸ் டைம் கேக்கற மாதிரி கேட்டாங்க:
'தம்பி, நீங்கள் எப்ப போவியள்?'
என்ன சொல்றாங்கன்னு புது கமாண்டர் கேட்டாரு.
தண்ணி கேக்குறாங்க, சாப்.
நல்ல மனுஷன். ரெண்டு கேன் குடுத்தாரு.
அந்தம்மா கேனைப் பார்த்தாங்க,
என்னைப் பார்த்தாங்க,
வெச்ச எடத்துல வெச்சுட்டு நடந்தாங்க.
ரிப்போர்ட்டுல ரெண்டு கேனும் ஏறிச்சு,
மக்கள் மனசை ஜெயிச்ச கணக்குல.

மேஜர் ரொம்ப நேரம் ஒண்ணும் கேக்கலை.
கண்ணாடிக்கு வெளியே
சனம் கேட்டுக்கு அடியில குனிஞ்சு போய்க்கினே இருந்துச்சு.
சைக்கிளைச் சாய்ச்சு, டிபன் பாக்ஸை இழுத்து,
ஒருத்தி தூங்குற குழந்தையோட தலையைப் பொத்திக்கினு.
ஏன் யாரும் நிக்க மாட்டேங்கிறாங்கன்னாரு.
கூட்ஸ் எப்ப நகரும், எப்ப நகராதுன்னு
அவங்களுக்குத் தெரியும், சாப்.

அந்தப் பையன் சொன்னதை
ஒரு தடவை தமிழ்ல சொல்லுங்க, பதிவுக்குன்னாரு.
சொன்னேன்.
இந்தியில?
பேசிக்கினு நின்னேன். அவ்ளோதான்.
அவ்ளோதானா,ன்னாரு.

மணி ஏழே முக்கால். எட்டுக்கு யார்டுல இருக்கணும்.
கதவைத் திறந்து எறங்கினேன்.
முட்டி வலி. குனியறப்போ இரும்பு முதுகுல உரசுச்சு.
அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தேன்:
கண்ணாடிக்கு உள்ளாற சிவப்புப் புள்ளி,
இன்னும் துடிச்சுக்கினு.